எதிர் மூலைக்காரனின் கை

போன மாதம் பதுளை நகர மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி ஆரம்பித்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, முன் வரிசையில் நாற்காலி போட்டு, கழுத்தில் மாலையும் போட்டார்கள். பயிற்சி கொடுக்கிற தம்பி நல்ல பையன். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் குனிந்து கேட்டான்: "உங்க காலத்துல காசுக்குக் குத்தினவங்க எல்லாம் சண்டியங்கதானேங்க?"

சபையில் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். மைக்கில் சொல்லி முடிகிற பதிலா அது? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப் போடும் ஆளாக இருந்தேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. மருந்துக் குப்பிகளின் லேபலை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கப் படித்தேன். மற்றதெல்லாம் மனிதர் வாயிலிருந்து படித்தது. யார் என்ன சொன்னாலும் அது அப்படியே எனக்குள் உட்கார்ந்துவிடும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பதுளைக்கு ஒரு கார்னிவல் வந்தது. ராட்டினம், மரணக் கிணறு, நடுவில் கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடை. வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஒருவருக்குப் புருவம் கிழிந்து ரத்தம் நிற்காமல் போக, என்னை அறியாமல் கயிற்றுக்கு உள்ளே நுழைந்து, என் கைக்குட்டையை மடித்து அழுத்திப் பிடித்துவிட்டேன். குத்துகிறவர் ஓய்வுக்கு வந்து உட்காருகிற அந்த மூலைக்குப் பொறுப்பாளர் பஸ்தியான் மாஸ்டர். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் விரல்கள் அழுத்துகிற இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வா" என்றார். அந்த நாளை பத்து வருஷத்துக்கு நீண்டது. பதுளை, பண்டாரவளை, கொழும்பு என்று அவரோடு சுற்றினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் காசுக்குக் குத்தும் பந்தயங்கள் குறைந்த பிறகுதான் பஸ் டிப்போவின் முதலுதவி அறைக்கு வேலைக்குப் போனேன். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

மாஸ்டர் முன்பு ரயிலில் நெருப்புப் போடும் வேலை பார்த்தவர். அந்த வேலைக்காரருக்கு இவ்வளவு வெள்ளைச் சட்டை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். பந்தயத்துக்கு வரும்போது கோயிலுக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். தண்ணீர்ப் போத்தலை அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் குத்துகிறவருக்குக் கொடுப்பார். ஸ்பொஞ்சை மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பார். ரவுண்ட் முடிந்து ஆள் வந்து உட்கார்ந்தால் மாஸ்டர் உடனே பேசமாட்டார். முதலில் மூச்சு அடங்க வேண்டும். பிறகு காதுக்குப் பக்கத்தில் ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம் சொல்லுவார். முதல் வாரம் நான் ஆர்வத்தில் "இடது கையைப் போடுங்க" என்று இடையில் நுழைந்தேன். மாஸ்டர் திரும்பாமலே சொன்னார்: "மூலையில ஒரு வாய்தான். அது என் வாய்." அதற்குப் பிறகு மூலையில் நான் வாய் திறந்ததில்லை.

அந்தப் பத்து வருஷத்தில் நான் கட்டிய கைகள் எத்தனையோ. சண்டியரும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெலிமடையில் லொறிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு குத்தவும் வந்த பண்டாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் அடித்து ஒருவன் விழுந்தால், ரெஃப்ரி எண்ணி முடித்ததும், தன் வெற்றிக்குக் கை தூக்கக்கூட நிற்காமல் விழுந்தவன் பக்கத்தில் போய் முழங்காலில் உட்கார்ந்துவிடுவார். "மல்லி, நம மொகக்த? தம்பி, ஒங்க பேரு என்னா?" என்று சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்பார். அவன் தன் பெயரைச் சரியாகச் சொல்கிறவரை எழும்பமாட்டார். ஒரு தடவை ஒருவன் தன் பெயருக்குப் பதில் மனைவி பெயரைச் சொல்லிவிட்டான். "இது இன்னும் நல்லது, ஆளுக்கு ஒண்ணுமில்ல" என்று பண்டா எழும்பிவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ராயப்பன் அண்ணனைப் பற்றி.

ராயப்பன் எங்கள் மாஸ்டரின் முதல் ஆள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து, இளவட்டத்தில் தேயிலைக் கவ்வாத்து வெட்டி, பிறகு கொழும்புக்குப் போய்ப் பெயர் வாங்கியவர். உயரம் அதிகமில்லை. தோள் மட்டும் கதவு மாதிரி. மேடைக்கு வெளியே அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் மிதித்தவரிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். "ஏண்ணே, நீங்க ஏன் கேக்குறீங்க?" என்றால், "கால அங்க வெச்சது நான்தானே" என்பார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பதுளையில் பந்தயம். ராயப்பனுக்கு எதிரே வேலு. வேலு தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டம் தட்டி வெட்டுகிற ஆண்பிள்ளை வேலை அது. மேடைகளில் குத்த ஆரம்பித்து ஒரு வருஷம்தான், ஆனால் வலது கை இடி மாதிரி என்று பேச்சு. அவனைப் பார்க்க அவன் தோட்டத்திலிருந்து இரண்டு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கையில் துணி சுற்றும்போது எதிர் மூலையிலிருந்து ஓர் ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். துணிக்குள் கடினமான எதையாவது ஒளித்துவிடக் கூடாதே என்பதற்காக. கட்டு சரியில்லை என்றால் அவிழ்த்துக் கட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சரி என்றால் மணிக்கட்டுப் பக்கம் பேனாவால் கையெழுத்து வைப்பார். அதற்குப் பிறகுதான் கிளவுஸ். அன்று வேலுவின் கட்டைப் பார்க்க மாஸ்டர் என்னை அனுப்பினார்.

கூடாரத்துக்குள் வேலுவுக்குக் கட்டிக்கொண்டிருந்தவன் அவனுடைய மச்சான். விறகுக் கட்டுக் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினான். இடது கை எப்படியோ முடிந்தது. வலது கையில் இரண்டு சுற்றுப் போட்ட பிறகும் வேலு விரல்களை விரிக்கவில்லை. பாதி மூடியே வைத்திருந்தான். விரிக்கச் சொன்னேன். நான்கு விரல் விரிந்தது. பெருவிரல் அசையவில்லை. அதன் அடிப்பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

மச்சானைத் துணி எடுத்துவர அனுப்பிவிட்டு என்ன என்று கேட்டேன். வியாழக்கிழமை மலையில் வெட்டும்போது கத்தி கட்டைக்குள் சிக்கிக்கொண்டு கை முறுகிவிட்டதாம். விஷயம் வெளியே வரும் என்று டிஸ்பென்சரிக்குப் போகவில்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இந்தக் கையோடு மேடை ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கவ்வாத்துக் காலம். மேடையில் குத்தி உடைத்துக்கொண்ட கைக்குத் தோட்டம் லீவு தராது. பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், தொடர்ந்து நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் லயத்து அறையும் போகும். அந்தப் பெருவிரலில் அவன் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

ரெஃப்ரியிடம் சொல்லிவிடலாமே என்றேன். வேலு வெளியே கையைக் காட்டினான். லொறியில் வந்தவர்கள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எறங்கினா, ராயப்பனப் பாத்துப் பயந்துட்டான்னு லயத்துல சின்னப்புள்ள கூட சொல்லும். அண்ணே, கட்டுல கொற இருந்தா சொல்லுங்க. கையில இருக்கிறத சொல்லாதீங்க."

கட்டில் குறை இருந்தது, அது உண்மைதானே. போட்ட சுற்றை அவிழ்க்கச் சொன்னேன். துணியோடு திரும்பி வந்த மச்சான் முறைத்தான். "நான் கட்டுறேன், நீ பாத்துக்க" என்று வேலுவின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கை கட்டுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான். மணிக்கட்டில் தொடங்க வேண்டும். துணி மடிப்பு விழாமல் தோலில் படிய வேண்டும். மடிப்பு விழுந்த இடம் பிறகு கத்தி மாதிரி அறுக்கும். மணிக்கட்டிலிருந்து புறங்கை வழியாக முட்டிகளுக்குப் போய், பெருவிரலின் அடியைத் தழுவிக்கொண்டு திரும்பவும் மணிக்கட்டுக்கு இறங்க வேண்டும். விரல்களை மூடிய நிலையில் கட்டினால், குத்தும்போது இடம் பற்றாமல் எலும்போடு எலும்பு நெரியும். வேலுவுக்குப் பெருவிரலை எவ்வளவு வலிக்காமல் முடியுமோ அவ்வளவு விலக்கி, அதன் அடிக்குக் குழந்தைக்குத் தலையணை வைக்கிற மாதிரி துணியை மடித்து வைத்துச் சுற்றினேன். முடிந்ததும் என் உள்ளங்கையில் மெதுவாகக் குத்தச் சொன்னேன். அப்போது முகத்தைத்தான் பார்க்க வேண்டும். கண் ஒருமுறை சுருங்கியது. கையெழுத்து வைத்தேன்.

திரும்பி வந்ததும் மாஸ்டர் கேட்டார்: "துணி சரியா?"

"சரி மாஸ்டர். வலது கைக்கு நான்தான் கட்டினேன்."

எதிராளியின் கையை நம் ஆள் கட்டினான் என்றால் வேறு எந்த மூலையிலும் அன்றே வேலை போயிருக்கும். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாக் கட்டினியா?"

"நல்லாத்தான் கட்டினேன்."

"அப்ப சரி." நான் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார். "பாக்கப் போனது துணிய. அங்க வேற என்ன கண்ணுல பட்டிருந்தாலும் அது அந்த மூலைக்காரன் சொத்து. இங்க கொண்டு வராத."

மணி அடித்தது.

முதல் ரவுண்டில் வேலு இடது கையாலேயே ஆடினான். சனம் "வலது, வலது" என்று கத்தியது. இரண்டாவது ரவுண்டில் பொறுக்க முடியாமல் வலது கையை விட்டான். ராயப்பன் வழக்கம்போல முழங்கையை மடக்கி விலாவை மூடினார். வேலுவின் குத்து அந்த முழங்கை எலும்பில் விழுந்தது. கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அது இன்னொரு குத்து. எதிரே நின்றவருக்கு மட்டும் தெரியும், அந்தக் குத்தில் துடித்தது யார் என்று.

ரவுண்ட் முடிந்து வந்து உட்கார்ந்ததும் ராயப்பன் என்னைப் பார்த்தார். "முத்தையா, அந்தக் கைய நீ பாத்தியா?"

மூலையில் ஒரு வாய்தான். நான் ஸ்பொஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"சரி, பேசாத. ஒன் மொகமே போதும்."

மூன்றாவது ரவுண்டிலிருந்து நான் பார்த்ததை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தொழில் தெரிந்தவர்கள் எதிரி கை நொந்திருக்கிறது என்று கண்டால் முழங்கையையும் நெற்றியையும் நீட்டி நீட்டிக் கொடுப்பார்கள். அதில் குத்தவிட்டே அந்தக் கையை முடித்துவிடுவார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. ராயப்பன் அதைத் தலைகீழாகச் செய்தார். வலது கை வரும்போதெல்லாம் முழங்கையை விலக்கிவிட்டு வயிற்றைக் கொடுத்தார், பக்கச் சதையைக் கொடுத்தார். எலும்பு இருக்கிற இடம் எதிலும் அந்தக் கை படாமல் பார்த்துக்கொண்டார். விட்டும் கொடுக்கவில்லை. அவருடைய இடது கை ஒவ்வொரு ரவுண்டும் வேலுவின் முகத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. அடிக்க வேண்டியதை அடித்தார். தடுக்க வேண்டியதை மட்டும் தடுக்கவில்லை.

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ராயப்பனுக்கு வயசாயிருச்சு, கை தூக்க முடியல" என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் கேலியாகக் கூவினார்கள். மாஸ்டருக்கு முதல்முறையாகச் சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருந்ததைப் பார்த்தேன். அடுத்த ஓய்வில் மூச்சு அடங்குவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"கையத் தூக்கு."

"தூக்கினா அவன் கை முழங்கையில படும் மாஸ்டர்."

"விலா ஒடியும்டா ஒனக்கு."

"எனக்கு ஒடிஞ்சா நான் படுத்துக்குவேன். கவ்வாத்துக்காரன் கை அது. நானும் வெட்டினவன்தானே."

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். அதை மேடையில் எறிந்தால் பந்தயம் நின்றுவிடும், ராயப்பனுக்குத் தோல்வி. விலா பிழைக்கும். வேலுவுக்கு வெற்றி, கையும் பிழைக்கும். எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். துண்டால் ராயப்பன் முகத்தைத் துடைத்தார். மெதுவாக, காதுக்குப் பின்னால் வரை துடைத்தார். "மூச்ச வெளிய விட்டுட்டு வாங்கு. அப்ப நோகாது" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சொன்ன அந்த ஒரு விஷயம் அதுதான்.

எட்டு ரவுண்டும் நடந்தது. புள்ளியில் ராயப்பன் ஒரு மயிரிழையில் ஜெயித்தார். தோற்ற வேலுவை லொறிக்காரர்கள் தோளில் தூக்கினார்கள், ராயப்பனோடு கடைசி வரை நின்றவன் என்று. ஜெயித்தவரைப் பார்த்துத்தான் கூவினார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "நீ போயி அவன் கட்ட வெட்டு. மச்சான் கையில குடுக்காத, இழுப்பான்."

மறுநாள் பதுளை ஆஸ்பத்திரிக்கு வேலுவை ராயப்பனும் நானும் கூட்டிப் போனோம். யாழ்ப்பாணத்து டாக்டர். படம் எடுத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"எலும்பில வெடிப்பு இருக்கு, ஆனா விலகேல்லை. எட்டு ரவுண்ட் குத்தின கை எண்டு சொல்லுறியள். நீர் என்ன, மெத்தையிலயோ குத்தினனீர்?"

"ஆமாங்க. மெத்தைதான்" என்றார் ராயப்பன். சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அவரையும் படுக்க வைத்துப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, சதை முழுக்கக் கன்றிப்போயிருந்தது.

வேலுவின் கைக்கு மாவுக்கட்டு. அதை அவிழ்க்கும் வரை கத்தி தொடக் கூடாது என்றார் டாக்டர். வேலு தலையாட்டினான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். கை பிழைத்தது, பெயர் பிழைக்காதே.

தோட்டங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நோயில் கிடப்பவனுக்குப் பதிலாக உறவுக்காரன் யாராவது பெரட்டில் வந்து நின்று வேலை செய்தால், பெயர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை மனம் வைத்து அவன் பெயரை வெட்டாமல் விடுவார். வேலுவுக்கு அப்படி ஆண்துணை இல்லை. மச்சானுக்குத் தன் பெயரிலேயே வேலை. இதையெல்லாம் படியில் உட்கார்ந்து ராயப்பன் மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு மாஸ்டரிடம் போய், வேலுவுக்குப் பதிலாகத் தானே பெரட்டில் நிற்கப்போவதாகச் சொன்னார். கொழும்புப் பந்தயம் ஒன்று இருந்தது. மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தள்ளி வைக்கச் சொல்லுறேன்" என்றார். "விலாக்கட்டு இறுக்கமா இருக்கணும். முத்தையா, நீயும் கூடப் போ."

அன்று பின்னேரம் வேலுவின் லயத்து அறையில் சாப்பாடு. ரொட்டி, கட்டச் சம்பல். வேலுவின் மனைவி செல்லம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவன்மேல் கோபம், வந்தவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னாள்: "அடிச்சவரும் அடிபட்டவரும் ஒரே பாயில ஒக்காந்து திங்கிறத இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"யாரு அடிச்சது, யாரு அடிபட்டதுன்னு எங்களுக்கே தெரியல தாயி. இன்னொரு ரொட்டி போடு" என்றார் ராயப்பன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வேலு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க கொழும்புல குத்துறவரு அண்ணே, எனக்காக மலையில நிக்கிறதா?" என்றான்.

"கொழும்பு காத்திருக்கும். தேயிலக்கி அந்தப் பொறும கெடையாது."

திங்கட்கிழமை காலை. பனி விலகவில்லை. பெரட்டுக் களத்தில் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "வேலு" என்றதும் ராயப்பன் கத்தியோடு ஓர் அடி முன்னால் வந்தார். வரிசையில் சலசலப்பு. சனிக்கிழமை கூவினவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

கணக்கப்பிள்ளைக்கு ஆளைத் தெரியும். ஆனாலும் வழக்கத்தை விடமுடியாதே. "பதில் ஆளுன்னா ஒறவுக்காரனா இருக்கணும். நீ அவனுக்கு என்னா ஒறவு?"

ராயப்பன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் கட்டிய துணிக்கு மேலேயும் கீழேயும் வயிறு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"சனிக்கிழம பூராவும் அவன் கை இங்கதாங்க இருந்துச்சு. இதுக்கு மேல என்னாங்க ஒறவு வேணும்?"

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் ஒரு பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கணக்கப்பிள்ளை அந்த வயிற்றைப் பார்த்தார். பிறகு, "சட்டைய எறக்கு, குளிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

முதல் நாள் ராயப்பனின் வெட்டு நன்றாக இல்லை. கை மறந்துபோயிருந்தது. அதைவிட, அவருக்கு அட்டை என்றால் உயிர்ப் பயம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். காலில் ஒன்று ஏறிவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஒற்றைக்காலில் நிற்பார். பக்கத்து வரிசைக் கிழவர் வந்து எடுத்துவிட வேண்டும். "இந்த ஆளா கொழும்பையே அடிச்சான்?" என்று கிழவர் கேட்க, "அட்டைக்கு ரெஃப்ரி இல்லீங்களே" என்பார். போகப் போக வெட்டு திருந்தியது. நான் இரண்டு நாள் இருந்து விலாக்கட்டை மாற்றிவிட்டுப் பதுளைக்குத் திரும்பினேன்.

வேலுவின் மாவுக்கட்டு வெட்டிய அன்று, ராயப்பனைக் கூட்டிவர மாஸ்டர் என்னை அனுப்பினார். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றேன். கணக்கப்பிள்ளை "வேலு" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்று இரண்டு குரல் வந்தது.

ஒன்று வரிசையின் பின்னாலிருந்து, வெளிறிச் சுருங்கிப்போன வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்ற வேலுவின் குரல். மற்றது ராயப்பனுடையது, பழக்கத்தில் வந்தது. இந்த முறை வரிசை முழுக்கச் சிரித்தது. செல்லம்மா கொழுந்துக் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரு வந்தாலும் ஒரு பேருதான் போடுவேன்" என்றார் கணக்கப்பிள்ளை.

ராயப்பன் கத்தியைத் திருப்பி, பிடிப் பக்கமாக வேலுவிடம் நீட்டினார். வேலு வாங்கினான். நான்கு விரலும் பிடியைச் சுற்றின. பெருவிரல் மட்டும் கொஞ்சம் யோசித்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் மெல்ல மடங்கி, பிடியின்மேல் வந்து உட்கார்ந்தது.